சனிக்கிழமை 18

டிசம்பர் 15, ஞாயிறு

28 கிலோமீட்டர். காலை 4 மணிக்கு வெள்ளவத்தையில் தொடங்கிக் கடலோரமாகக் காலி முகத்திடல், திரும்பித் தெஹிவளை, மறுபடியும் அதே பாதை. தண்டவாளத்துக்கு அந்தப்பக்கம் அலையின் சத்தம் மட்டும்தான். 22க்குப் பிறகு இடது பாதம் எரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா கதிரையில் இருந்தார். எவ்வளவு என்று கேட்டார். சொன்னேன். "கட்டுநாயக்காவுக்கு இன்னும் 12" என்றார். விமான நிலையம் இருக்கும் இடம். சகோதரங்கள், பிள்ளைகள், மருமக்கள் என்று எல்லோரையும் அங்கே கொண்டுபோய் ஏற்றிவிட்டவர். தூரத்தை அப்படித்தான் அளப்பார்.

டிசம்பர் 17, செவ்வாய்

இந்திய விசாவுக்கான படம் சதுரமாக, வெள்ளைப் பின்னணியில் இருக்க வேண்டும். டயாலிசிஸ் அறைக்கு வெளியே இருக்கும் சுவர் வெள்ளைதானே. அதில் சாய்ந்து நின்று, பக்கத்தில் இருந்த அன்ரியைக் கொண்டு எடுப்பித்தேன். எங்கே பயணம் என்று கேட்டார். மும்பைக்கு, மாரத்தான் ஓட என்றேன். அவருடைய கணவர் 4 வருஷமாக இந்த அறைக்கு வருகிறார். "போட்டு வாங்கோ பிள்ளை" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாள் கணக்கை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அப்பாவுக்கு டயாலிசிஸ் செவ்வாய், வியாழன், சனி. வியாழன், ஜனவரி 16ஆம் திகதி முடித்துக் கூட்டிவந்துவிட்டு வெள்ளி காலை பறக்கலாம். ஞாயிறு 19 ஓட்டம். திங்கள் திரும்பினால் செவ்வாய்க்கு நானே கூட்டிப்போகலாம். இடையில் விழுவது ஒரேயொரு முறைதான், சனிக்கிழமை 18.

சனி காலை அவரைக் கூட்டிப்போய் வந்து பின்னேரம் பறந்தால் என்ன என்றும் யோசித்தேன். சரிவராது. இலக்க அட்டையை ஓடுகிறவரே நேரில் போய் வாங்க வேண்டும், ஓட்ட நாளன்று கொடுக்கமாட்டார்கள்.

அந்தச் சனிக்கு வரச் சொல்லித் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன்.

டிசம்பர் 19, வியாழன்

வாசித்துவிட்டான், நீலக் குறி இரண்டும் விழுந்துவிட்டது. பதில் இல்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

அப்பாவுக்கு நாளுக்கு 750 மில்லிலீட்டர். தேத்தண்ணி, சொதி, மருந்து விழுங்கும் தண்ணி எல்லாம் அதற்குள். காலையில் ஒரு போத்தலில் அளந்து ஊற்றி வைப்பேன். அவர் குடிக்கக் குடிக்க அது இறங்கும். சொதி விட்டால் அந்த அளவைப் போத்தலிலிருந்து எடுத்துவிடுவேன். மத்தியானத்துக்குப் பிறகு அவர் அந்தப் போத்தலைப் பார்ப்பதில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பார்.

இன்று 20 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து குசினியில் நின்றபடி ஒரு லீட்டர் குடித்தேன். நல்ல தாகம். திரும்பினால் அப்பா வாசலில் நிற்கிறார். கோபமில்லை. "நல்லாக் குடி, வேர்த்திருக்கு" என்றார்.

இனி ஓடி வந்தால் கீழே, காவலாளியின் குழாயடியிலேயே குடித்துவிட்டு ஏறுவேன்.

டிசம்பர் 26, வியாழன்

லிப்ட் வேலை செய்யவில்லை. நாங்கள் ஏழாம் மாடி. 4 மணித்தியாலம் இயந்திரத்தில் இருந்துவிட்டு வந்த மனிதனை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கீழே பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி வைத்தேன். பிறகு இரண்டு பொடியன்கள் கதிரையோடு தூக்கினார்கள். ஒவ்வொரு மாடியிலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள். அப்பா கண்ணை மூடியே இருந்தார்.

18ஆம் திகதி இப்படி ஆனால்? தம்பிக்கு இந்தப் பொடியன்களைத் தெரியாது.

டிசம்பர் 29, ஞாயிறு

32. இதுதான் கடைசி நீண்ட ஓட்டம், இனி மூன்று கிழமையும் குறைத்துக்கொண்டு போக வேண்டியதுதான். வலி இல்லை.

கொழும்பில் ஏற்றம் கிடையாது. மும்பையில் பெடர் ரோடு இருக்கிறது. போகும்போதும் ஏற வேண்டும், திரும்பி வரும்போதும். இரண்டாவது முறை 35க்குக் கிட்ட வரும், கால் முடிந்துபோகிற இடத்தில். அதற்காகத்தான் இரண்டு மாதமாக எங்கள் மாடிப்படியில் ஏறி இறங்குகிறேன். இன்றுவரை அதைக் கால்களுக்கான பயிற்சி என்று மட்டும் நினைத்திருந்தேன். வியாழனுக்குப் பிறகு ஒவ்வொரு படித்திருப்பத்திலும் அந்தக் கதிரையை எங்கே வைத்தார்கள் என்று பார்க்கிறேன்.

பாந்திரா-வொர்லி கடற்பாலம். 5.6 கிலோமீட்டர். 2009இல் திறந்தது. மற்ற நாட்களில் அதில் கால்நடையாக யாரும் போக முடியாது. மாரத்தான் காலையில் ஓடுகிறவர்களுக்காக விடுகிறார்கள். இரண்டு பக்கமும் கடல், இன்னும் சரியாக விடியாத நேரம். நான் அங்கே ஓட வேண்டும். இதை யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை.

ஜனவரி 1, புதன்

தம்பி: "பாப்பம் அக்கா."

ஜனவரி 4, சனி

திருவெம்பாவை தொடங்கிவிட்டது. 4 மணிக்கு நான் சப்பாத்துக் கட்டும்போது அப்பாவும் எழும்பி வானொலியைப் போடுகிறார். சத்தத்தைக் குறைத்துத்தான் போடுகிறார், ஆனாலும் கேட்கும். வீட்டில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருப்பது நன்றாக இருக்கிறது.

1958இல் டோக்கியோவில் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்ந்து தங்கம் வாங்கிய கதையை இன்று மறுபடியும் சொன்னார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு அதுதான் முதல் தங்கம். அப்பாவுக்கு அப்போது 10 வயது. செய்தி கேட்டவுடன் போய்க் கதியால் வேலியைப் பாய்ந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டார். இன்றும் அந்தத் தழும்பைக் காட்டினார். கால் வீங்கியிருந்ததால் தழும்பு பளபளவென்று விரிந்து தெரிந்தது.

ஜனவரி 7, செவ்வாய்

நிறை 3.4 கிலோ கூடியிருக்கிறது. மூன்று நாளில். நேர்ஸ் என்னைத்தான் பார்த்தார். போத்தலை நான் சரியாகத்தான் அளந்தேன். அப்படியானால் இரவில் குடிக்கிறார்.

கேட்கவில்லை. எப்படிக் கேட்பது?

ஜனவரி 9, வியாழன்

விசா வந்துவிட்டது.

ஜனவரி 11, சனி

தம்பியோடு ஒரு மணித்தியாலம் கதைத்தேன். கடைசியில்தான் சொன்னான். லீவு பிரச்சினை இல்லையாம். இரத்தம் குழாயால் வெளியே வந்து சுற்றிப் போவதை அவனால் பார்க்க முடியாதாம். போன வருஷம் ஒரு தடவை வந்து வாசலிலேயே நின்றுவிட்டுப் போனவன், வேலை என்று சொன்னது பொய்.

திட்ட வாய் வரவில்லை. எனக்கும் முதல் மாதம் அப்படித்தான் இருந்தது. அப்பாவின் முகத்தை மட்டும் பார், கையைப் பார்க்காதே என்றேன். இடது கை இயந்திரத்துக்கு மட்டும், அதில் பிரஷர் பார்க்க விடாதே, வேறு ஊசியும் போட விடாதே, யார் கேட்டாலும் வலது கையை நீட்டச் சொல். முடிந்தவுடன் எழும்ப விடாதே, தலை சுற்றும், கொஞ்ச நேரம் இருத்தி வை. வீட்டுக்கு வர ஓட்டோ வேண்டாம், கார் பிடி. அவன் "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தான். எழுதுகிற சத்தம் கேட்டது.

ஜனவரி 13, திங்கள்

போயா, பௌர்ணமி விடுமுறை. ஆருத்திரா தரிசனம். அப்பாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போகவில்லை, சனம் கூட.

8 கிலோமீட்டர், மெதுவாக. பாதம் எரியவில்லை. மும்பையில் மாட்டுங்காவிலிருக்கும் தோழி கதைத்தாள். ஓட்டத்தன்று விடிய முன்னரே சிறப்பு ரயில் விடுவார்களாம், சிஎஸ்எம்டி நிலையத்தில் இறங்கினால் தொடக்கக் கோடு பக்கத்தில்தானாம். ஊசி கொண்டு வா, இலக்க அட்டைக்குக் கொடுப்பது போதாது என்றாள். நான்கு சேஃப்டி பின் எடுத்து வைத்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல் ஆனாலும் இயந்திரத்துக்குப் போகத்தான் வேண்டும். 5 மணிக்குப் பொங்கிப் படைத்துவிட்டு ஓடினோம். வெல்லச் சர்க்கரை, கஜு, பக்கத்தில் வைக்கிற வாழைப்பழம் எல்லாவற்றிலும் பொட்டாசியம். அப்பாவுக்கு ஒரு தேக்கரண்டி. வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் விழுங்காமல் இருந்தார்.

வெளியே அந்த அன்ரியின் கதிரை காலி. நேர்ஸிடம் கேட்கத் துணியவில்லை.

ஜனவரி 15, புதன்

தம்பி இன்றிரவு பஸ் ஏறுகிறான். ஏறியதும் சொல்கிறேன் என்றான். இப்போது 9.40.

10.25. இன்னும் இல்லை.

11.05. ஏறிவிட்டான்.

ஜனவரி 16, வியாழன்

தம்பி உள்ளே வந்தான். முதல் பத்து நிமிஷம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கதிரையை அப்பாவின் தலைமாட்டுக்கு இழுத்துப்போட்டுப் பேப்பர் வாசித்துக் காட்டினான். சத்தம் நடுங்கியது. அப்பா வலது கையால் அவன் முழங்காலைத் தட்டிக்கொண்டே இருந்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

அன்ரி வந்திருந்தார். செவ்வாய்க்கிழமை கணவருக்கு நேரத்தைப் பின்னேரத்துக்கு மாற்றியிருந்தார்களாம், அவ்வளவுதான். கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஜனவரி 17, வெள்ளி

அதிகாலை 3.20. கார் கீழே வந்துவிட்டது. அப்பா விழித்திருக்கிறார். லிப்ட் ஓடுகிறது, இரண்டு தடவை அழுத்திப் பார்த்தேன். போத்தலை யார் நிரப்புவது என்று தம்பி