சாய்வதற்காகக் கட்டிய படுக்கையறை

பாய்மரப் படகின் முன்கேபினில் கட்டில் முக்கோணமாகத்தான் இருக்கும். படகு முனையை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும்போது வேறு என்ன செய்வது? கதவுப் பக்கம் தலைமாடு, தாராளமான அகலம். கால்மாடோ முனையில், இரண்டு பேர் படுத்தால் நான்கு பாதங்களும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். கிரேக்கத்தின் லெஃப்கடா தீவிலிருந்து மெகனிசி, இத்தாக்கா என்று சுற்றிவர வாடகைக்கு எடுத்த பழைய படகில் எனக்கும் தோழிக்கும் அந்த அறைதான் வாய்த்தது. கால்மாட்டுச் சுவருக்கு அந்தப்புறம் நங்கூரச் சங்கிலி கிடக்கிறது. காலையில் அதை இழுக்கத் தொடங்கினால் அலாரம் தேவையில்லை.

கட்டிலின் நடுவில் தனியாக ஒரு முக்கோண மெத்தை செருகியிருந்தது. பகலில் அதைத் தூக்கினால் நின்று உடை மாற்ற இடம். இரவில் திரும்ப வைத்தால் கட்டில். அறையில் நிமிர்ந்து நிற்கக்கூடிய இடமே அவ்வளவுதான்.

தலைக்கு மேலே கூரை ஜன்னல். அதன் கீல் முன்பக்கம் இருந்தது எனக்கு விசித்திரமாகப் பட்டது. நங்கூரமிட்ட படகு காற்றை நோக்கியே திரும்பி நிற்கும் என்பதால் கீல் பின்பக்கம் இருந்தால் காற்று நேராக உள்ளே வரும், புழுங்காது. கேப்டனிடம் கேட்டேன். சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற, அதிகம் பேசாத மனிதர். "மூட மறந்துவிட்டீர்கள், அலை மேலே ஏறுகிறது. இப்போது அந்த அலையே கதவை அடித்து மூடிவிடும்" என்றார். காற்றா, பாதுகாப்பா என்ற கேள்விக்குப் படகைக் கட்டியவர் சொன்ன பதில் அது. நாங்கள் வியர்த்தபடி தூங்கினோம்.

அலமாரிக் கதவுகளில் கைப்பிடி கிடையாது. விரல் நுழையும் வட்டத் துளைதான். விரலை விட்டு உள்ளே இருக்கும் கொக்கியை அழுத்தினால்தான் திறக்கும். இழுப்பறைகளையோ சற்றே மேலே தூக்கிவிட்டுத்தான் இழுக்க வேண்டும், அடியில் ஒரு வெட்டு இருக்கிறது. துருத்திக்கொண்டிருக்கும் பித்தளைப் பிடியில் படகு ஆடும்போது இடுப்பு இடிபட்டால் தெரியும், துளையின் அருமை. அந்தத் துளைகளும் கதவுச் சட்டங்களின் இடைவெளிகளும் காற்றோட்டத்துக்கும்தான். கடல் ஈரத்தில் மூடிய அலமாரிக்குள் துணி பூஞ்சை பிடித்துவிடும். எந்த மூலையிலும் கூர் இல்லை. எல்லா மர விளிம்புகளும் உருட்டி இழைக்கப்பட்டிருந்தன.

அலமாரித் தட்டுகளின் ஓரத்தில் இரண்டு விரல் உயரத்தில் ஒரு மரக்கட்டு. பொருள்கள் சரிந்து விழாமலிருக்க என்பது பார்த்ததும் புரிகிறது. ஆனால் மூலையில் மட்டும் அந்தக் கட்டு ஒரு விரல்கடை விட்டு நிற்கிறது. தூசியையும் துணுக்குகளையும் அந்த இடைவெளி வழியாகத் துடைத்துத் தள்ளலாம். இதை யோசித்தவர் தாமே தினமும் துடைத்தவராக இருக்க வேண்டும்.

பின்கேபினில் மெத்தையின் நடுக்கோட்டுக்கு அடியில் முரட்டுக் கித்தான் துணி ஒன்று மடிந்து கிடந்தது. விளிம்பில் உலோக வளையங்கள், அவற்றில் கயிறு, மேலே கூரையில் இரண்டு கொக்கிகள். அங்கே தங்கியிருந்த தம்பதி மூன்று நாளாக அதைத் தொடவே இல்லை. இத்தாக்காவின் கியோனியிலிருந்து வடக்கே திரும்பிய பிற்பகலில் அதன் வேலை தெரிந்தது. அயோனியக் கடலில் கோடையில் மதியத்துக்கு மேல் வடமேற்கிலிருந்து வீசும் காற்றுக்கு மைஸ்த்ரோ என்று பெயர். அது இடப்பக்கம் முன்னாலிருந்து அடிக்க, படகு வலப்பக்கம் சாய்ந்து அப்படியே ஓடியது. குமட்டலோடு படுத்திருந்த அந்த அம்மா மெத்தையோடு வழுக்கிச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டார். கேப்டன் இறங்கி வந்து கித்தானை உயர்த்திக் கொக்கிகளில் கட்டினார். அகன்ற கட்டில் இரண்டு குறுகிய தொட்டில்களாகிவிட்டது. மேட்டுப் பக்கத்துத் தொட்டிலில் அவர் கித்தான் மீது சாய்ந்தபடி நிம்மதியாகத் தூங்கிப்போனார்.

எங்கள் முன்கேபினில் அந்த நேரம் யாராலும் படுக்க முடியவில்லை. படகு அலையில் ஏறி இறங்கும்போது முனைதான் மிக அதிகமாக எழும்பி விழுகிறது. நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. அதனால்தான் கேப்டன் நடுக்கூடத்தின் ஒடுக்கமான சோபாவில் படுத்தார் போலிருக்கிறது. அவருக்குக் கேபின் இல்லையே என்று முதல் நாள் நாங்கள் பரிதாபப்பட்டிருந்தோம்.

மெத்தையைத் தூக்கினால் கீழே பலகைகள், அவற்றிலும் விரல் துளைகள். ஒரு பலகையை எடுத்துப் பார்த்தேன். படகின் உடலைத் துளைத்துச் செல்லும் குழாய், அதன் வால்வு, பக்கத்திலேயே சிறு கயிற்றில் கட்டித் தொங்கும் கூம்பு வடிவ மரத்தக்கை. வால்வு உடைந்தால் அந்தத் தக்கையை அடித்து இறுக்க வேண்டும். மென்மையான மரம், நீரில் ஊறி உப்பித் துளையை அடைத்துக்கொள்ளும். கடலுக்கும் என் தலையணைக்கும் நடுவே இருப்பது ஒரு குழாய்த் திருகு என்று தெரிந்தபின் அன்றிரவு தூக்கம் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது பின்கேபின் சுவரில் இருந்த சின்ன வட்ட மூடி. அந்தச் சுவருக்குப் பின்னால் எஞ்சின். அங்கே தீப்பிடித்தால் கதவைத் திறக்கக் கூடாது, திறந்தால் காற்று புகுந்து தீ வளரும். அந்த மூடியைத் தள்ளிவிட்டுத் தீயணைப்பானின் மூக்கை நுழைத்து அடிக்க வேண்டும். இரவு விளக்கில் சிவப்பு நிறம் இருப்பதற்கும் இப்படியொரு காரணம் உண்டு. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக அரைமணி நேரம் ஆகும். வெள்ளை விளக்கு அதை நொடியில் கெடுத்துவிடும். மங்கிய சிவப்பு அவ்வளவாகக் கெடுக்காது.

துறையில் பக்கத்தில் நின்ற புதுப் படகு ஒன்றையும் எட்டிப் பார்த்தோம். ஹோட்டல் அறை போல அகன்ற கட்டில், பெரிய ஜன்னல், பளபளக்கும் வெள்ளைச் சுவர். கூரையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியைக் காணோம், கித்தானையும் காணோம். துறையில் தூங்குபவர்களுக்கு அது சொர்க்கம்தான். எனக்கென்னவோ அது விற்பனைக்காகக் கட்டிய அறையாகவே தோன்றியது.

போகிறவர்களுக்கு ஒன்று: சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம். படகின் உடல் வளைந்திருப்பதால் அலமாரிகளும் வளைந்தே இருக்கின்றன. பெட்டியை வைக்க இடமே கிடையாது. தோழியின் பெட்டி கடைசிவரை கட்டிலில் எங்களோடுதான் படுத்தது. சுருட்டி மடக்கக்கூடிய துணிப்பை போதும்.