மாடிப்படியில் கனக்கும் கால்களும் வைட்டமின் மாத்திரைகளும்

சிங்கப்பூரின் பிடோக் நீர்த்தேக்கத்தைச் சுற்றிச் செல்லும் பாதையின் நீளம் ஏறத்தாழ 4.3 கிலோமீட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும் முன்பே கிளம்பி அதை மூன்று சுற்று ஓடுவது என் வழக்கம். ஓடி முடித்த அன்று கால்கள் பெரிதாகத் தொல்லை தருவதில்லை. திங்கட்கிழமை மாலை வேலை முடிந்து வந்து, எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே உள்ள மேம்பாலத்தில் ஏறும்போதுதான் தொடை இரண்டும் இரும்பாகக் கனக்கும். நாற்பது வயதைக் கடந்த பிறகு அந்தக் கனம் செவ்வாய், புதன் என்று நீளத் தொடங்கியது. உடன் ஓடும் நண்பர் ஒருவர் சொல்லக் கேட்டு, நாள்தோறும் 1000 மில்லிகிராம் வைட்டமின் சி, 400 அலகு வைட்டமின் இ என மூன்று மாதங்கள் விடாமல் சாப்பிட்டேன். கனம் குறைந்ததாகத் தெரியவில்லை. ஒருவனுடைய அனுபவம் எதற்கும் சான்றாகாது என்பதால், மாத்திரைகளை நிறுத்தியதோடு அதை மறந்தும் விட்டேன்.

சென்ற மாதம் அக்காவின் மகன் அதே இரண்டு புட்டிகளோடு வீட்டுக்கு வந்தபோதுதான் இந்தக் கேள்வி மீண்டும் எழுந்தது. தேசிய சேவை முடித்தவன். உடலுறுதிச் சோதனையில் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்தின் நேரத்தைக் குறைக்க வாரத்தில் நான்கு நாள் கடுமையாகப் பயிற்சி செய்கிறான். “இதைச் சாப்பிட்டால் தசைக்குச் சக்தி சீக்கிரம் திரும்புமாமே, மாமா?” என்று கேட்டான். அவனுக்கு அரைகுறையாகப் பதில் சொல்ல மனம் வராமல், இதைப் பற்றி முறையாகப் படித்தேன். படித்ததில் எனக்குத் தெளிவானவற்றை இங்கே எழுதுகிறேன்.

தசையின் சக்தி திரும்புவது என்பது ஒரே செயல் அன்று. தசை நேரடியாகச் செலவிடும் ஏடிபி என்னும் பொருள் சில நொடிகளுக்கு மட்டுமே போதுமான அளவில் இருப்பில் உள்ளது. அதை உடனுக்குடன் நிரப்பித் தரும் கிரியேட்டின் பாஸ்பேட், ஓட்டத்தை நிறுத்திய சில நிமிடங்களிலேயே பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். வலிக்குக் காரணம் என்று பலரும் பழி சொல்லும் லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்திலிருந்து அகன்றுவிடும். நேரம் பிடிப்பது கிளைக்கோஜன், அதாவது தசைக்குள் சேமித்து வைக்கப்பட்ட மாவுச்சத்து. நீண்ட ஓட்டத்தில் அது வெகுவாகக் கரைந்துவிட்டால், போதிய அளவு சோறோ, ரொட்டியோ, பழமோ சாப்பிட்டாலும் முழுமையாக நிரம்ப ஒரு நாள் ஆகும். இந்தக் கணக்கில் எந்த இடத்திலும் வைட்டமின் மாத்திரைக்கு வேலை இல்லை. மாத்திரை கிளைக்கோஜனாக மாறாது.

அப்படியானால் வைட்டமின் சி, இ போன்ற, ஆன்டிஆக்சிடன்ட் எனப்படும் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் இதற்குள் எப்படி வந்தன? 1982இல் அமெரிக்காவின் பெர்க்லியில் ஆய்வாளர்கள், எலிகளைக் களைத்து விழும்வரை ஓடவிட்டு, அவற்றின் தசையிலும் கல்லீரலிலும் ஃப்ரீ ராடிக்கல்கள் இரண்டு மூன்று மடங்கு கூடியிருப்பதைக் கண்டார்கள். இணையற்ற எலெக்ட்ரானைக் கொண்ட இந்த மூலக்கூறுகள் அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் தாக்கக்கூடியவை. தாக்குபவற்றைத் தடுத்தால் தசை பிழைக்கும், களைப்பும் குறையும் என்று எண்ணுவது இயல்புதான். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அந்த எண்ணத்தை அசைத்தது ஜெர்மனியின் யேனா நகரத்தில் மைக்கேல் ரிஸ்டோவ் குழுவினர் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு. இளைஞர்களை நான்கு வாரங்கள் பயிற்சி செய்ய வைத்து, பாதிப் பேருக்கு மட்டும் நாளொன்றுக்கு 1000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 அலகு வைட்டமின் இயும் கொடுத்தார்கள். நான் விழுங்கிய அதே அளவு என்பதைப் படித்தபோது சற்று நேரம் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். மாத்திரை சாப்பிடாதவர்களின் உடல் இன்சுலினுக்கு முன்பைவிட நன்றாகச் செவிசாய்த்தது. அவர்களுடைய தசைகள் ஃப்ரீ ராடிக்கல்களைச் சமாளிக்கும் நொதிகளைத் தாமாகவே கூடுதலாக உருவாக்கின. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் இந்த மாற்றங்கள் தென்படவில்லை. நீரிழிவு இவ்வளவு பரவியுள்ள நம் சமூகத்தில், உடற்பயிற்சி தரும் இந்தப் பெரும் பயனையே மாத்திரை மழுங்கடிக்கக்கூடும் என்பது எனக்கு ஓட்ட நேரத்தைவிடக் கவலையான செய்தி.

காரணம் இதுதான்: ஃப்ரீ ராடிக்கல் வெறும் கழிவு அன்று, செய்தியும்கூட. கடுமையாக உழைத்த தசைக்குள் அது கூடும்போதுதான், இன்னும் அதிகமான மைட்டோகாண்ட்ரியா வேண்டும் என்ற கட்டளை பிறக்கிறது. ஆக்சிஜனைக் கொண்டு ஏடிபியை உருவாக்கும் உலைகள் அவை. வெளியிலிருந்து பெரிய அளவில் தடுப்பியைக் கொட்டினால் அந்தச் செய்தி வழியிலேயே அடங்கிப்போகிறது. 2014இல் வெளிவந்த நார்வே ஆய்வில் 54 பேர் 11 வாரங்கள் பயிற்சி செய்தபோதும், மாத்திரைக் குழுவினரின் தசையில் மைட்டோகாண்ட்ரியா சார்ந்த புரதங்கள் எதிர்பார்த்தபடி உயரவில்லை. ஆயினும் அவர்களுடைய ஓட்டத் திறன் மற்றவர்களுக்கு இணையாகவே முன்னேறியது என்பதையும் சொல்லியாக வேண்டும். மாத்திரை சாப்பிட்டால் ஓட்டம் கெட்டுவிடும் என்று பயமுறுத்துவது நேர்மையாகாது.

திங்கட்கிழமை மேம்பாலப் படியின் புதிருக்கு விடை கிடைத்தது சுவீடனின் கரோலின்ஸ்கா மருத்துவக் கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2015இல் வெளிவந்த ஆய்வில். தசை சுருங்கி இழுக்க வேண்டுமானால் அதன் இழைக்குள் உள்ள சேமிப்பறையிலிருந்து கால்சியம் வெளியேற வேண்டும். பொழுதுபோக்காகப் பயிற்சி செய்பவர்களை 30 நொடி வீதம் ஆறு முறை முழு மூச்சாக மிதிவண்டி மிதிக்க வைத்ததில், கால்சியத்தை வெளிவிடும் வாயில்களாகிய புரதங்கள் 24 மணி நேரம் கழித்தும் சிதைந்த நிலையில் இருந்தன. இப்படிப்பட்ட நிலையில், நரம்பு மெதுவான தாளத்தில் ஆணையிடும்போது தசையால் பழைய விசையைத் தர இயலாது. படியேறுவது போன்ற அன்றாட அசைவுகள் பெரும்பாலும் அந்தத் தாளத்தில்தான் நடக்கின்றன. சாப்பிட்டு, தூங்கி, கிளைக்கோஜன் நிரம்பிய பிறகும் கால் கனப்பது இதனால்தான் என்று இப்போது புரிகிறது. எலியின் தசை இழைகளில் ஆக்சிஜனேற்றத் தடுப்பி அந்தச் சிதைவைத் தடுத்தது உண்மையே. ஆனால் அந்த வாயில்களில் கசியும் கால்சியம்தான் தசையை வலுப்படத் தூண்டும் என்றும் அதே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் வரும் தசை வலியைப் பற்றி, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 50 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிய மதிப்பீடு 2017இல் வெளிவந்தது. ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளால் உணர்ந்து சொல்லும்படியான பலன் எதையும் அது காணவில்லை.

சிங்கப்பூரில் துணைச்சத்து மாத்திரைகளை விற்பனைக்குக் கொண்டுவரச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவையில்லை என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. கடை அலமாரியில் இருப்பதாலேயே ஒரு பொருளின் பலன் சோதித்து ஏற்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் அதிக அளவு வைட்டமின் இ சாப்பிடும் முன் மருத்துவரைக் கட்டாயம் கேட்க வேண்டும். அதேபோல், குறைபாட்டுக்காக மருத்துவர் எழுதித் தந்த வைட்டமினை இந்தப் பதிவைப் படித்துவிட்டு யாரும் நிறுத்திவிடக் கூடாது. நான் பேசுவது நலமாக உள்ளவர்கள் தாமாக வாங்கிச் சாப்பிடும் பெரிய அளவுகளைப் பற்றி மட்டுமே.

உணவில் வருவது வேறு கதை. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி உண்டு. நம் உணவங்காடிகளின் பழக்கடையில் நறுக்கி வைத்திருக்கும் ஒரு பொட்டலமே ஒரு நாள் தேவைக்கு மிகுதி. அதோடு மாவுச்சத்தும் நீரும் நாரும் சேர்ந்தே வருகின்றன.

அக்கா மகனிடம் இவ்வளவையும் ஒரே மூச்சில் சொல்லவில்லை. புட்டிகளை ஒதுக்கி வைக்கவும், கடும் ஓட்டத்துக்கு அடுத்த நாளை நடைக்கோ ஓய்வுக்கோ விடவும், ஓடி முடித்ததும் பட்டினி கிடக்காமல் அரை மணிக்குள் சாப்பிடவும் சொன்னேன். மூன்றாவதை அவன் உடனே ஏற்றுக்கொண்டான். கடந்த இரண்டு ஞாயிறுகளாக நீர்த்தேக்கத்துக்கு என்னோடு வருகிறான். முடித்ததும் காப்பிக்கடையில் ஆளுக்கு இரண்டு தோசையும் ஒரு முட்டையும் சாப்பிடுகிறோம். ஓய்வு நாளில்தான் இன்னும் அவனுக்கு உடன்பாடில்லை.