சுப்பு போட்ட கணக்கு

முடிவைச் சொல்லாமல் ‘ஆரண்ய காண்டம்’ பற்றிப் பேச முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

2011 ஜூனில் வந்த தியாகராஜன் குமாரராஜாவின் முதல் படம். வடசென்னையில் ஒரே நாளில் நடக்கிற கதை. பாடல் காட்சி கிடையாது.

நுவார் என்கிற இருண்ட குற்றக் கதையில் ஆளாளுக்கு ஒரு தேவை இருக்கும். அந்த அவசரத்தில் தப்பான முடிவெடுப்பார்கள். இங்கே எல்லாம் ஒரு வார்த்தையில் ஆரம்பிக்கிறது. கொக்கைன் சரக்கை எடுக்கலாம் என்கிறான் அடியாள் பசுபதி. வயதான தாதா சிங்கப்பெருமாள் பிடிகொடுக்கவில்லை. ‘டொக்காயிட்டீங்களா’, அதாவது தெம்பு போய்விட்டதா என்று பசுபதி கேட்டுவிடுகிறான். சற்று முன்புதான் படுக்கையில் இயலாமல் போய், அந்த ஆத்திரத்தில், தான் வீட்டில் வைத்திருக்கும் இளம்பெண் சுப்புவை அறைந்திருக்கிறார் பெரியவர். அது பசுபதிக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். அதனால்தான் ஒற்றைக் கேள்விக்குக் கொலை உத்தரவு வரும்போது நம்ப முடிகிறது.

சாகப்போகிறோம் என்று தெரிந்ததும் பசுபதியின் மைண்ட் வாய்ஸ் நமக்குக் கேட்கிறது. அடுத்து என்ன செய்வான் என்று அவன் கூடவே நாமும் கணக்குப் போடுகிறோம். சுப்புவுக்கு அந்தச் சலுகையே இல்லை. பெரியவரின் எடுபிடி சப்பையின் பார்வையில்தான் அவள் தெரிகிறாள்: அடி வாங்குகிறவள், ஆதரவுக்கு ஏங்குகிறவள். அவள் மனக்குரல் கேட்கும் நேரத்தில் சப்பை அவள் கையாலேயே செத்துக் கிடக்கிறான். இரண்டாம் தடவை பார்க்கும்போது இதை மட்டும் கவனியுங்கள். படம் நம்மிடம் ஒரு பொய்யும் சொல்லியிருக்காது. சப்பை நம்பியதை நாமும் நம்பியிருப்போம். படத்தொகுப்புக்குத் தேசிய விருது கிடைத்ததில் ஆச்சரியமே இல்லை.

குறை இருக்கிறது. சரக்குப் பை காளையன் கைக்கும் அவன் மகன் கொடுக்காப்புளி கைக்கும் போவது முழுக்கத் தற்செயல். அப்பன்–மகன் பாசம் அவ்வளவு உண்மையாக இருப்பதால் மன்னித்துவிடலாம், காளையனாக குரு சோமசுந்தரம் அப்படி நடித்திருக்கிறார். எதிர்க் கும்பலின் தலைவன் கஜேந்திரனைப் பற்றிய கதைகள் கிளப்பும் பயம் ஆள் நேரில் வந்ததும் பாதியாகிறது. பசுபதியின் மனைவி கஸ்தூரி பணயக்கைதி என்பதைத் தாண்டி எழுதப்படவே இல்லை.

பெரிய சறுக்கல் பசுபதி தனியாளாக ஒரு கும்பலையே வெட்டிச் சாய்க்கும் ஸ்லோமோஷன் சண்டை. யுவனின் இசையும் பி.எஸ். வினோத்தின் ஒளிப்பதிவும் அதில் அபாரம். ஆனால் அதுவரை பயத்தாலும் மூளையாலும் பிழைத்தவன் அந்தச் சில நிமிடங்களில் வழக்கமான ஹீரோவாகிவிடுகிறான். அவன் செத்துவிடுவானோ என்ற பதைப்பு, படத்தை அதுவரை இழுத்துவந்த அதே பதைப்பு, அங்கே அறுந்துபோகிறது.