முதல் நாவல், இரண்டு வடிவங்கள்

என் முதல் நாவல் மின்னூலாகவும் அச்சுப் புத்தகமாகவும் வந்துவிட்டது, பதிப்பாளர் இல்லாமல் நானே போட்டது, அதில் எனக்கு ரொம்பப் பெருமை.

எப்படி என்று கேட்பவர்களுக்கு: மின்னூல் எளிது. ஈபப் என்ற மின்னூல் கோப்பில் பக்கங்கள் நிலையாக இருப்பதில்லை, படிப்பவர் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே இடம் மாறிக்கொள்ளும், அதனால் அத்தியாயத் தலைப்புகளுக்கு, தட்டச்சு மென்பொருளில் இருக்கும் தலைப்பு ஸ்டைலைச் சரியாகக் கொடுத்திருந்தால் பெரும்பாலும் போதும். அச்சுதான் வேலை வாங்கும். பிடிஎஃப்பில் எழுத்துருவையும் உள்ளே பதித்துத் தர வேண்டும், பைண்டிங் வரும் பக்கம் ஓரத்தில் கூடுதல் இடம் விட வேண்டும், அப்புறம் புத்தக முதுகின் அகலம் பக்க எண்ணிக்கையையும் தாளின் தடிமனையும் பொறுத்தது என்பதால் உள்பக்கங்கள் முடிவாகும் முன் முழு அட்டையை வரையச் சொல்லாதீர்கள். ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தின் அடையாள எண், 13 இலக்கம். அச்சுக்கு வாங்கியதை மின்னூலுக்குப் போடக் கூடாது.

அமேசானின் கேடிபி செலக்ட் என்ற மின்னூல் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாட்களுக்கு மின்னூலை வேறெங்கும் விற்க முடியாது, அச்சுப் பிரதிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. நான் சேரவில்லை, எல்லாக் கடைகளிலும் கிடைக்கட்டும் என்று.

கையில் இருக்கும் பணத்தை முதலில் மெய்ப்பு பார்ப்பவருக்குக் கொடுங்கள், அட்டை அப்புறம்தான். மாதிரிப் பிரதி ஒன்றை வரவழைத்து முழுசாகப் படித்துவிடுங்கள், திரையில் தப்பிய பிழைகள் தாளில் கண்ணில் படும்.