வி.பி.என். இணைந்த பிறகும் ஃபோல்டர் திறக்காதபோது

தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களில் உள்ள சில அரிசி ஆலைகளுக்கும் ஆடிட்டர் அலுவலகங்களுக்கும் கணினிகளைப் பராமரித்துத் தருவது என் தொழில். குறுவை அறுவடையில் நெல் வரத்துக் கூடியதும் கணக்கர்கள் இரவில் வீட்டிலிருந்தே, வீட்டுக் கணினியை இணையம் வழியாக அலுவலக வலையமைப்போடு இணைக்கும் வி.பி.என். வசதியால், அலுவலகக் கோப்புகளைத் திறந்து வேலை பார்ப்பார்கள். அப்போது எனக்கு வரும் முறையீடு பெரும்பாலும் ஒன்றுதான்: "தம்பி, வி.பி.என். கனெக்ட் ஆயிடுச்சு, ஃபோல்டர் மட்டும் வரமாட்டேங்குது."

கல்லணையைத் திறந்துவிட்ட மாத்திரத்தில் கடைமடை வயல் நனைந்துவிடுவதில்லை. அதுபோலத்தான் 'இணைந்தது' என்ற அறிவிப்பும். அலுவலகத்துக்கு ஒரு மறையாக்கப்பட்ட பாதை கிடைத்திருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் உறுதி செய்வதில்லை.

எனவே நான் முதலில் கேட்பது பிழை எண்ணை. கணக்கர்களோ அந்தப் பெட்டியைப் படிக்காமலே மூடிவிடுகிறார்கள். 53 என்றால் கோப்புகளை வைத்திருக்கும் அலுவலகக் கணினியான சர்வரை எட்டவே முடியவில்லை என்று பொருள். 1326 என்றால் எட்டியாகிவிட்டது, பயனர் பெயரோ கடவுச்சொல்லோதான் ஏற்கப்படவில்லை. 5 என்றால் உள்ளே விட்டபின் அந்தக் கோப்புறைக்கு அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறது. எக்ஸ்ப்ளோரர் காட்டும், 80070035 என்று முடியும் நீண்ட எண்ணைக் கண்டு பயப்பட வேண்டாம். பதினாறடிமான எண்முறையில் 35 என்பது நம் 53தான்.

53 வந்தால், சர்வரின் பெயருக்குப் பதிலாக, வலையமைப்பில் அதன் முகவரியான ஐ.பி. எண்ணைக் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொல்வேன். அலுவலகத்துக்குள் கணினிகள் ஒன்றையொன்று பெயரால் கண்டுபிடிப்பது பெரும்பாலும் உள்ளூர் வலையமைப்பு முழுவதற்கும் விடுக்கப்படும் ஓர் அறிவிப்பின் மூலமாகத்தான். அந்த அறிவிப்பு வழக்கமான வி.பி.என். பாதையைக் கடந்து வருவதில்லை. எண்ணால் திறந்து பெயரால் திறக்காவிட்டால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் தனி டி.என்.எஸ். சர்வர் இல்லாத சிறிய அலுவலகத்தில், கணக்கரின் மடிக்கணினியிலுள்ள ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்த எண்ணையும் பெயரையும் ஒரு வரியாக எழுதிவிட்டால் போதும்.

எண்ணாலும் திறக்கவில்லை என்றால் நான் முதலில் சந்தேகிப்பது இரண்டு பக்கமும் ஒரே எண்வரிசை இருப்பதைத்தான். ஆலையிலும் வீட்டிலும் கேபிள்காரர் பொருத்திய மோடம் ஏறக்குறைய ஒரே மாதிரியானது, இரண்டும் 192.168.1 என்று தொடங்கும் எண்களையே வழங்குகின்றன. சர்வரின் எண் 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம். கணக்கரின் மடிக்கணினிக்கு 192.168.1.23 கிடைத்திருந்தால், சர்வர் தன் வீட்டுக்குள்ளேயே இருப்பதாக நினைத்து அது வீட்டு வைஃபையிலேயே தேடும், வி.பி.என். பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. எல்லாப் போக்குவரத்தையும் வி.பி.என். வழியாகவே அனுப்பு என்று அமைத்திருந்தாலும் பயனில்லை, ஏனெனில் விண்டோஸ் பொதுவான பாதையைவிடக் குறிப்பான பாதைக்கே முன்னுரிமை தரும். இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு: அந்த எண்ணுக்குப் பிங் செய்தால், அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பார்த்தால், சில வீடுகளில் பதிலும் வரும். வி.பி.என்.-ஐத் துண்டித்துவிட்டு மறுபடி பிங் செய்து பாருங்கள். அப்போதும் ஒரு மில்லிசெகண்டில் பதில் வந்தால், பேசுவது ஆலை சர்வர் அல்ல, கூடத்தில் இருக்கும் ஸ்மார்ட் டிவி.

வீட்டு வைஃபையை விட்டுக் கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணைந்தவுடன் ஃபோல்டர் திறந்துகொண்டால் சந்தேகம் ஏறக்குறையத் தீர்ந்தது. அன்றைய வேலையை முடிக்க, அந்த ஒரு சர்வர் எண்ணுக்கு மட்டும் வி.பி.என். வழியாகப் பாதை எழுதலாம். நிரந்தரத் தீர்வு, அலுவலகத்தின் எண்வரிசையை 10.47.20 போல யாரும் எளிதில் வைக்காத ஒன்றாக மாற்றுவது. பிரிண்டர், சிசிடிவி, கைரேகை வருகைப்பதிவு இயந்திரம் எல்லாவற்றையும் கூடவே மாற்ற வேண்டியிருப்பதால் முதலாளிகள் தயங்குவார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமையில் உட்கார்ந்து செய்துவிடுவது நல்லது.

எண்வரிசை வேறுவேறாக இருந்தும் 53 வந்தால், விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையால் சர்வரின் 445-ஆம் போர்ட் என்ற எண்ணிட்ட வாசலைச் சோதிக்க வேண்டும். கோப்புப் பகிர்வுக்கான எஸ்.எம்.பி. என்ற நெறிமுறை இயங்குவது அதில்தான். வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் விண்டோஸ் ஃபயர்வாலில் கோப்புப் பகிர்வுக்கான விதி, எல்லாக் கணினிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் டொமைன் இல்லாத அலுவலகங்களில், 'லோக்கல் சப்நெட்' (அதே எண்வரிசையில் இருப்பவர்கள் மட்டும்) என்ற வரம்புடனேயே வருகிறது. வி.பி.என். வழியாக வருபவரின் எண் 10.8.0.6 போல வேறு வரிசையில் இருப்பதால் சர்வர் அவரை அந்நியராகக் கருதி மறுக்கிறது. அந்த விதியின் 'ஸ்கோப்' பகுதியில் வி.பி.என். எண்வரிசையையும் சேர்க்க வேண்டும். ஃபயர்வாலையே அணைத்துவிடுவதும், வி.பி.என். எதற்கு என்று மோடத்தில் 445-ஐ இணையத்துக்கே திறந்துவிடுவதும் நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதவை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணப்பறிப்பு நச்சுநிரல் உலகெங்கும் பரவியது இந்த எஸ்.எம்.பி.-யின் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான்.

1326 வேறு கதை. விண்டோஸுடன் வரும் வி.பி.என்.-ஐப் பயன்படுத்துபவர்களுக்கு, வி.பி.என்.-க்குக் கொடுத்த பெயரையும் கடவுச்சொல்லையுமே விண்டோஸ் சர்வரிடமும் நீட்டிவிடுகிறது. அது வி.பி.என்.-க்குப் பொருந்தும், சர்வருக்குப் பொருந்தாது. அதனால் கடவுச்சொல் சரி என்று கணக்கர் சத்தியம் செய்வதும் உண்மைதான். விண்டோஸ் தன் வி.பி.என். அமைப்புகளை வைத்திருக்கும் ராஸ்ஃபோன் என்ற ஃபோன்புக் கோப்பில், யூஸ்-ராஸ்-கிரெடென்ஷியல்ஸ் என்ற வரியிலுள்ள 1-ஐ 0 ஆக்கினால் இந்தக் குழப்பம் தீரும். விண்டோஸ் கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய கடவுச்சொல் தங்கியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

கோப்புறை திறந்து, சிறிய கோப்புகளும் வந்து, பெரிய எக்செல் மட்டும் பாதியில் உறைந்தால் அது எம்.டி.யு., அதாவது ஒரே தடவையில் அனுப்பக்கூடிய தரவுப் பொட்டலத்தின் உச்ச அளவு, சார்ந்த சிக்கலாக இருக்க வாய்ப்பு அதிகம். சாதாரண வலையமைப்பான ஈதர்நெட்டின் 1500 பைட், பி.பி.பி.ஓ.இ. என்ற வகை பிராட்பேண்ட் இணைப்பில் 1492 ஆகிறது, அதற்குமேல் வி.பி.என். தன் உறையையும் போர்த்துகிறது. வயர்கார்டு என்ற வி.பி.என். மென்பொருள் வழக்கமாக 1420 வைத்துக்கொள்ளும். அதை 1380-க்கோ 1280-க்கோ குறைத்துப் பார்க்கலாம்.

இவையெல்லாம் சரியான பிறகும், டேலி என்ற கணக்கு மென்பொருளின் தரவை இப்படி வி.பி.என். வழியாக நேரடியாகத் திறப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. எஸ்.எம்.பி. ஒவ்வொரு சிறு காரியத்துக்கும் சர்வருடன் போய்வந்து பேசும் இயல்புடையது. தாமதம் கூடினால் ஒரு வவுச்சரைத் திறக்கவே நேரமாகும், நடுவில் மின்சாரம் போனால் தரவு கெடவும் கூடும். வேர்டு, எக்செல், ஸ்கேன் செய்த பில்கள் பகிர்ந்த ஃபோல்டரிலேயே இருக்கட்டும். டேலிக்கு மட்டும் அதே வி.பி.என். வழியாக அலுவலகக் கணினியின் திரையை ரிமோட் டெஸ்க்டாப்பில் எடுத்து வேலை பார்க்கும்படி அமைத்துக்கொடுத்து வருகிறேன்.