மாஊனும் பெரிய தேக்சாவும்

10 ஜனவரி 2025, வெள்ளி

மகளுக்கு இன்று குர்ஆன் ஓதக் கற்றுத்தரும் உஸ்தாத் புதுப் பாடம் கொடுத்திருக்கிறார். 107ஆவது சூரா (அத்தியாயம்), மாஊன். ஏழே ஆயத்து (வசனம்). ஒன்பது வயதுக்காரி, குர்ஆனின் கடைசிப் பாகமான முப்பதாவது ஜுஸ்உவைப் பின்னாலிருந்து மனனம் செய்துகொண்டு வருகிறாள். கடைசி சூராவான நாஸில் தொடங்கி கவ்ஸர் வரை ஏழு சூரா ஆகிவிட்டது. அந்த ஜுஸ்உவில் மொத்தம் 37. அவசரமில்லை, மெதுவாகப் போகட்டும்.

ஆறு வயதுச் சின்னவன் இன்னும் அரபு எழுத்துகளில்தான் இருக்கிறான். நாவின் அடிவேரிலிருந்து வரும் காஃபும் அதற்கு முன்னிருந்து வரும் காஃபும் அவன் வாயில் ஒன்றாகவே விழுகின்றன. தமிழில் எழுதிக் காட்டினால் இரண்டும் ஒரே எழுத்து, அவன்தான் என்ன செய்வான்? முதலாவதில் கல்பு என்றால் இதயம், இரண்டாவதில் சொன்னால் நாய். இதைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் தொண்டையைப் பிடித்துக்கொண்டு பத்துத் தடவை சரியாகச் சொன்னான்.

இந்த நாட்குறிப்பில் எங்கள் வீட்டு முறையையும் எழுதி வைக்கிறேன். ஓதுவது பாயில் உட்கார்ந்துதான். அடுப்படியில் குக்கர் சத்தத்துக்கும் மிக்ஸி சத்தத்துக்கும் நடுவே ஓதவிடுவதில்லை. குர்ஆன் ஓதப்பட்டால் காது தாழ்த்திக் கேளுங்கள் என்று அல்லாஹ்வே சொல்லியிருக்கும்போது, நான் வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு “ம், அடுத்தது” என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் பொருள் பேசுவதற்கு அடுப்படியைவிட நல்ல இடம் எங்கள் வீட்டில் இல்லை. கையில் வேலை இருக்கும்போதுதான் பிள்ளைகள் கேள்வி கேட்கிறார்கள்.

12 ஜனவரி, ஞாயிறு

இன்று எல்லாரும் வீட்டில் இருந்ததால் நடுவில் பெரிய தட்டு வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். சோறு, மீன், கொஞ்சம் கீரை. சின்னவன் கை தட்டு முழுக்க ஊர்வலம் போனது. அக்காவின் பக்கத்தில் இருந்த மீன் துண்டு வரைக்கும் போய் நின்றது. அவள் கத்தினாள்.

அவன் வாப்பா அதட்டவில்லை. உமர் இப்னு அபூஸலமாவின் கதையைச் சொன்னார். நபி (ஸல்) அவர்களின் வளர்ப்பில் இருந்த சிறுவர். அவர் கையும் இப்படித்தான் தட்டில் அங்கும் இங்கும் போகும். “பையா, பிஸ்மில்லாஹ் சொல், வலக்கையால் சாப்பிடு, உன் பக்கத்தில் இருப்பதைச் சாப்பிடு.” நபியவர்கள் சொன்னது இவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் சாப்பிடும் முறை அப்படியே ஆகிவிட்டது என்று அவரே பெரியவரான பின் சொல்லியிருக்கிறார். நபிமொழித் தொகுப்பான புகாரியில் 5376ஆவது ஹதீஸ்.

எனக்கு இதில் பிடித்தது, சின்னப் பையனிடம் மூன்றே வார்த்தை பேசியது. நான் என்றால் முப்பது பேசியிருப்பேன்.

சின்னவன் கேட்டான்: “அந்தப் பையன் பேரும் உமரா? நம்ம உமர் கலீஃபாவா?” இல்லை, அவர் வேறு, இவர் வேறு என்று புரியவைப்பதற்குள் மீன் ஆறிவிட்டது. பிஸ்மி சொல்ல மறந்ததாகப் பாதிச் சாப்பாட்டில் நினைவு வந்து, “பிஸ்மில்லாஹி அவ்வலஹு வ ஆகிரஹு” என்று அவனே சொன்னான். அது போன மாதப் பாடம். மறக்கவில்லை.

13 ஜனவரி, திங்கள்

பக்கத்து வீட்டு அக்கா சாயங்காலம் வந்தார். சனிக்கிழமை உறவினர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வருகிறார்களாம், கூட்டத்துக்குச் சமைக்க எங்கள் பெரிய தேக்சாவைத் தர முடியுமா என்று கேட்டார். “அதுல சமைச்சு வச்சிருக்கேன் அக்கா, இந்த வாரம் எனக்கே வேணும்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

தேக்சா பரணில் இருந்தது. காலியாக. போன தடவை வேறு ஒருவருக்குக் கொடுத்து, அடி பிடித்துத் திரும்பி வந்ததைத் தேய்த்த கை வலி இன்னும் மறக்கவில்லை. அதனால்தான்.

மகள் கூடத்தில் பாயில் உட்கார்ந்து நான்காவது ஆயத்தைத் திருப்பித் திருப்பி ஓதிக்கொண்டிருந்தாள்.

16 ஜனவரி, வியாழன்

மாஊன் முடிந்தது. தடுமாறாமல் ஓதினாள். “மாஊன்” என்ற கடைசிச் சொல்லில் வரும் அய்ன் எழுத்தைத் தொண்டையின் நடுவிலிருந்து எடுத்தாள், அல்ஹம்து லில்லாஹ்.

இரவுச் சாப்பாட்டுக்குப் பருப்பு சூப். ஒரு கப் சிவப்புப் பருப்புக்கு நான்கு கப் தண்ணீர், ஒரு வெங்காயம், நான்கு பல் பூண்டு, சீரகம். அரை மணி நேரத்தில் பருப்பு தானே கரைந்துவிடும், மத்து வேண்டியதில்லை. இறக்கி வைத்துத்தான் எலுமிச்சை பிழிய வேண்டும். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் கசப்பேறிவிடுகிறது. பூண்டு உரித்துக்கொண்டே மகள் பொருள் கேட்டாள்.

ஒவ்வொன்றாகச் சொன்னேன். தீர்ப்பு நாளைப் பொய் என்கிறவனைப் பார்த்தாயா? அவன்தான் அநாதையை விரட்டுகிறவன். ஏழைக்குச் சோறு போடச் சொல்லித் தூண்டாதவன். தொழுகையில் கவனமற்ற தொழுகையாளிகளுக்குக் கேடு. அவர்கள் பிறர் பார்க்கச் செய்கிறவர்கள். மாஊனையும் தடுக்கிறவர்கள்.

“மாஊன்னா என்ன உம்மா?”

குர்ஆன் விளக்கவுரையான தஃப்ஸீரை எடுத்து வாசித்தேன். சிலர் அதை ஸகாத் (கட்டாய தர்மம்) என்று சொல்லியிருக்கிறார்கள். நபித்தோழர் இப்னு மஸ்ஊத் (ரலி) சொன்னது, மக்கள் ஒருவருக்கொருவர் இரவல் கொடுத்து வாங்கிக்கொள்ளும் சாமான்கள்: கோடரி, வாளி, சமையல் சட்டி.

சமையல் சட்டி என்று வாசித்த பிறகுதான் என் குரலே எனக்குக் கேட்டது. சூராவுக்கே பெயராக நிற்கும் சொல். சிறு வயதிலிருந்து தொழுகையில் எத்தனை ஆயிரம் தடவை ஓதியிருப்பேன்.

அவள் பூண்டுத் தோலை ஒதுக்கிவிட்டு மெதுவாகக் கேட்டாள்: “அன்னைக்குத் தேக்சாவுல என்ன உம்மா சமைச்சு வச்சிருந்தீங்க?”

குற்றம் சொல்லும் குரல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “ஒண்ணும் இல்லம்மா. உம்மா பொய் சொல்லிட்டேன்” என்றேன். வேறு எதையும் சொல்ல முடியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த பல்லை உரிக்கத் தொடங்கினாள்.

சூப் நேரம் சின்னவன் கிண்ணத்தில் ஃபூ ஃபூ என்று ஊதினான். குடிக்கும் பாத்திரத்தில் ஊதுவதை நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள் என்று நினைவுபடுத்தி, அகலத் தட்டில் ஊற்றி ஆறவைத்துக் கொடுத்தேன். மற்ற எதுவும் இன்று பேசவில்லை.

17 ஜனவரி, வெள்ளி

அபூதாவூத் தொகுப்பில் ஒரு ஹதீஸ் உண்டு. அப்துல்லாஹ் இப்னு ஆமிர் சிறுவராக இருந்தபோது நபியவர்கள் அவர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். தாய் பிள்ளையை அழைக்கிறார்: “இங்கே வா, ஒன்று தருகிறேன்.” என்ன தரப்போகிறாய் என்று நபியவர்கள் கேட்கிறார்கள். பேரீச்சம்பழம் என்கிறார் தாய். “நீ எதுவும் தராமல் இருந்திருந்தால் உன் மேல் ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும்.” பிள்ளையைக் கூப்பிடுவதற்காகச் சொல்லும் சின்ன வார்த்தைக்கே அப்படி. இரவு முழுக்க இது மனத்தில் ஓடியது.

காலையில் தேக்சாவை இறக்கி, தூசி போகக் கழுவித் துடைத்து, மகளையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். “அன்னைக்குச் சமைச்சு வச்சிருக்கேன்னு சொன்னது உண்மை இல்லை அக்கா, மன்னிச்சிருங்க” என்றேன். அக்கா என்ன சொல்வதென்று தெரியாமல் தேக்சாவை வாங்கிக்கொண்டு, “அடி பிடிக்காமப் பாத்துக்குறேன்” என்றார். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. எல்லா வீட்டிலும் அதுதான் பயம் போலிருக்கிறது.

19 ஜனவரி, ஞாயிறு

தேக்சா பளபளவென்று திரும்பி வந்தது. கூடவே கண்ணாடிக் கிண்ணம் நிறையப் பாயசம்.

21 ஜனவரி, செவ்வாய்

அந்தக் கிண்ணத்தைச் சின்னவன் உடைத்துவிட்டான். கழுவித் திருப்பிக் கொடுக்க மேடை ஓரத்தில் வைத்திருந்தேன். ஓரத்தில் வைத்தது என் தவறு, எட்டி இழுத்தது அவன் தவறு. சத்தம் கேட்டு ஓடிப்போனால் அவன் காதைப் பொத்திக்கொண்டு நின்றான், நான் கத்துவேன் என்று.

கத்தத்தான் வாயைத் திறந்தேன். உடைந்த சில்லைப் பார்த்ததும் நபித்தோழர் அனஸ் (ரலி) சொன்ன சம்பவம் நினைவுக்கு வந்தது. நபியவர்கள் ஒரு மனைவியின் வீட்டில் இருக்கும்போது இன்னொரு மனைவி ஒரு தட்டில் உணவு அனுப்புகிறார். இந்த வீட்டுக்காரர் கொண்டுவந்தவரின் கையைத் தட்டிவிட, தட்டு விழுந்து உடைகிறது. நபியவர்கள் துண்டுகளைத் தாமே எடுத்துச் சேர்க்கிறார்கள், சிந்திய உணவையும் அதில் சேர்க்கிறார்கள். இந்த வீட்டு மனைவியைக் குறித்து, “உங்கள் தாய்க்கு ரோஷம் வந்துவிட்டது” என்று மட்டும் சொல்கிறார்கள். பிறகு அந்த வீட்டிலிருந்தே உடையாத தட்டு ஒன்றை எடுத்து, தட்டுக்கு உரியவருக்கு அனுப்புகிறார்கள். உடைந்தது உடைத்த வீட்டிலேயே தங்கிவிடுகிறது.

சில்லு காலில் குத்திவிடும் என்று அவனைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் பெருக்கினேன். பெருக்கிக்கொண்டே கதையைச் சொன்னேன். “அப்ப நாமளும் நல்ல கிண்ணம் குடுக்கணும்” என்றான்.

24 ஜனவரி, வெள்ளி

எங்களிடம் இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள் இருக்கின்றன. ஒன்றில் விளிம்பு லேசாகப் பெயர்ந்திருக்கும், உற்றுப் பார்த்தால்தான் தெரியும். என் கை முதலில் அதற்குத்தான் போனது. மகள் அலமாரியின் மேல் தட்டிலிருந்த மற்றதைக் காட்டினாள்.

அக்காவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல் என்று கேள்விப்பட்டதால் தல்பீனா கஞ்சி செய்து அந்தக் கிண்ணத்தில் ஊற்றினேன். இரண்டு மேசைக் கரண்டி வாற்கோதுமை மாவை ஒரு கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் பத்து நிமிடம் கிளற வேண்டும். பிறகு ஒரு கப் பால், ஒரு கொதி. இறக்கிக் கொஞ்சம் ஆறியபின் தேன். நோயாளியின் மனத்துக்கு அது இதம் தரும், கவலையைக் கொஞ்சம் போக்கும் என்று நபியவர்கள் சொன்னதை அவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அறிவித்திருக்கிறார்கள். யார் வீட்டிலாவது மரணம் நேர்ந்தால், வந்த பெண்கள் கலைந்துபோன பின் வீட்டாருக்கு ஆயிஷா அதைத்தான் சமைக்கச் சொல்வார்கள். துக்கத்தில் இருப்பவர்களுக்குக் கடினமான உணவு இறங்காது என்று தெரிந்தவர்கள் செய்த காரியம்.

சின்னவனே கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தான். வாசலில், “பழையதை நான்தான் ஒடச்சேன். இது உங்களுக்கே” என்றான். அக்கா நெற்றியில் கட்டிய துணியோடு சிரித்தார்.

2 பிப்ரவரி, ஞாயிறு

நோன்புக்கு இன்னும் நான்கு வாரம்தான். மகள் குறைஷ் சூராவைப் பாதி முடித்துவிட்டாள். “பசிக்கு உணவளித்தான்” என்ற ஆயத்து நாளைப் பாடம்.

இன்று என் தங்கை குடும்பத்தோடு வந்துவிட்டாள், முன்கூட்டிச் சொல்லாமல். பெரிய தேக்சாவை எடுக்கப் பரணைப் பார்த்தால் இல்லை. வியாழக்கிழமை மாடி வீட்டுக்காரர் கேட்டு வந்தாராம், நான் வெளியே போயிருந்தேன். மகளே எடுத்துக் கொடுத்திருக்கிறாள், என்னிடம் சொல்ல மறந்துவிட்டாள்.

“போய் வாங்கிட்டு வரட்டுமா உம்மா?”

வேண்டாம் என்றேன். இரண்டு சின்னச் சட்டியில் சூப் வைத்தோம். ஒன்றில் உப்புக் கூடிவிட்டது. இன்னும் ஒரு கப் தண்ணீர் ஊற்றினோம்.