கணப்புக்குக் கூரை வழியே குழாய்

டொராண்டோ அருகே எங்கள் வீட்டில் எரிவாயுக் கணப்பு அமையும் இடம் நடுக்கூடத்துச் சுவர். வெளிச்சுவர் வெகுதூரம். ஆகவே குழாயை நேரே மேலே ஏற்றிப் பரணைத் தாண்டிக் கூரைக்கு வெளியே விடுவதே வழி. அனுமதி வாங்கியபின் வேலையைப் பிரித்துக்கொண்டோம். எரிவாயு இணைப்பும் குழாய் பொருத்துவதும் உரிமம் பெற்ற தொழில்நுட்பர் பொறுப்பு. மரவேலையும் கூரைவேலையும் எனக்கும் மச்சானுக்கும். குளிர் ஏறினால் கூரை ஓடுகளான தார் ஷிங்கிள்கள் வளையாமல் உடையும் என்பதால் செப்டம்பரிலேயே தொடங்கினோம்.

குழாய் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு. உள்குழாய் 4 அங்குலம். அதில் எரிந்த காற்று மேலே போகிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் வெளிக்காற்று கீழே இறங்கித் தீயை அடைகிறது. முன்கண்ணாடி இறுக மூடியே இருப்பதால் அறையின் காற்றைத் தீ தொடுவதில்லை. வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். நான் இந்த வகையைத் தேர்ந்ததற்கு அதுவே காரணம்.

கணப்பின் வாய்க்கு நேர்மேலே தூக்குக்குண்டு கட்டி மையம் குறித்தோம். அந்த மையம் இரண்டு கைமரங்களுக்கு நடுவே விழுந்தது பெரிய நிம்மதி. விழாவிட்டால் முழங்கை வளைவுகள் போட வேண்டும், ஒவ்வொரு வளைவுக்கும் அனுமதிக்கப்பட்ட குழாய் நீளம் குறையும். குழாய்க்கும் மரத்துக்கும் நடுவே 1 அங்குலம் வெற்றிடம் வேண்டும் என்கிறது கையேடு. எனவே துளையைச் சுற்றிச் சட்டம் அடித்து, உட்கூரையில் தீத்தடுப்புத் தகடு வைத்தோம். பரணில் கொட்டிக்கிடக்கும் குளிர்காப்புப் பஞ்சு அந்த வெற்றிடத்துக்குள் சரியாதபடி தகரக் கவசம் நிறுத்தினோம். அதன் அடியில், ஈரக்காற்றைத் தடுக்கும் பிளாஸ்டிக் தாளுக்கும் தகட்டுக்கும் நடுவே இருந்த இடுக்கை வெப்பம் தாங்கும் பசையால் அடைத்தேன். அடைக்காவிட்டால் வீட்டின் ஈரக்காற்று பரணுக்கு ஏறி, ஆணி முனைகளில் உறைபனியாகப் படிந்து, வெயில் அடித்ததும் சொட்டும்.

என்னைக் கேட்டால், இந்த வேலையின் உயிர் கூரையில்தான் இருக்கிறது. பரணிலிருந்து நீளமான துளைமுனையை மேலே செலுத்தினேன். கூரையில் நின்ற மச்சான் அது தலைகாட்டிய இடத்தில் சாக்கட்டியால் சுற்றி வரைந்தார். சரிவான கூரையில் வட்டக் குழாய்க்கு நீள்வட்டத் துளைதான் வெட்ட வேண்டும். பிறகு துளையில் மழைநீர் இறங்காமல் காக்கும் ஃபிளாஷிங் தகடு. அதன் மேல்விளிம்பும் இரு பக்கங்களும் ஷிங்கிள்களுக்கு அடியில் நுழைய வேண்டும். கீழ்விளிம்பு மட்டும் ஷிங்கிள்மீது படிய வேண்டும். நீர் ஓடும் திசையை மனத்தில் வைத்தால் இந்த வரிசை தானாக விளங்கும். கீழ்விளிம்பில் ஆணியே அடிக்கவில்லை. பசையை நம்புவதைவிடத் தகடு படியும் முறையை நம்புவது நல்லது; பசை சில ஆண்டுகளில் விரிசல் விடும், படிமுறை கூரை உள்ளவரை நிற்கும். தகட்டின் கழுத்துக்கு மேலே, குழாயைச் சுற்றி, குடை விரித்ததுபோல் மழைவளையம் ஒன்று. அங்கேதான் சிலிக்கோன் பசை தாராளமாக இட்டேன்.

எங்கள் கூரைச் சரிவுக்குக் குழாய் கூரைக்கு மேலே 1 அடி நின்றால் போதும். பனி குவிந்து மூடாதிருக்கக் குழாயை 2 அடி உயர்த்தினோம்.

தொழில்நுட்பர் கசிவு சோதித்துத் தீயை மூட்டியபோது சுடர் மெலிந்து துள்ளியது. நேர்க்குழாய் இவ்வளவு உயரமானால் காற்றை மேலே இழுக்கும் இழுவை அதிகம். கணப்பின் உள்ளே அந்த இழுவையைக் குறைக்கும் தடுப்புத் தகட்டை அவர் சிறிது சிறிதாக நகர்த்த, சுடர் மஞ்சளாகி நிதானமாக எரியத் தொடங்கியது. படுக்கையறைகளுக்கு வெளியே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவிகளும் மாட்டியாயிற்று. எங்கள் மாகாணமான ஒன்ராறியோவில் இது சட்டம். கணப்பைச் சுற்றி எரியாத பலகை அடைப்பது பாக்கி. அதற்கு முன் ஒரு பெருமழை பெய்யட்டும், டார்ச் எடுத்துக்கொண்டு பரணில் ஏறிக் கைமரங்களைத் தொட்டுப் பார்க்கப்போகிறேன்.